1779 ஆட்டங்கள் ஆடினால் போதுமா?

[திரையில்: வெறும் பனித்தளம். மெல்ல விளக்குகள் எரிகின்றன.]

2021 ஏப்ரல் 19. லாஸ் வேகாஸ். சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் பேட்ரிக் மார்லோ பனித்தளத்தில் இறங்குகிறார். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் இது அவருடைய 1768ஆவது ஆட்டம். பழம்பெரும் ஆட்டக்காரர் கோர்டி ஹௌ 1980இல், 52 வயதில் ஆட்டத்தை முடித்தபோது 1767 ஆட்டங்கள் ஆடியிருந்தார். நாற்பத்தோரு ஆண்டுகளாக யாரும் தாண்டாத எண் அது. அதைத் தாண்டியவருக்கு எதிரணியின் ஊரிலேயே ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த சீசன் முடியும்போது மார்லோவின் கணக்கு 1779. 2024இல், மிகச் சிறந்தவர்களுக்கு மட்டும் இடம் தரும் ஐஸ் ஹாக்கியின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றார். தேர்வாகவில்லை. 2025இலும் இல்லை.

உலகிலேயே அதிக என்ஹெச்எல் ஆட்டங்கள் ஆடியவருக்கே இடமில்லையா என்று கோபம் வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தேன்.

[திரையில்: டொராண்டோ, பழைய வங்கிக் கட்டடம்.]

முதலில் தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டொராண்டோவில் இருக்கிறது இந்த ஹால் ஆஃப் ஃபேம். கடைசியாக ஆடி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 18 பேர் கொண்ட குழு ரகசியமாக ஓட்டுப் போடும். 14 ஓட்டு கிடைத்தால் உள்ளே. ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு ஆண் ஆட்டக்காரர்கள்தான். ஆட்டத் திறமை, நேர்மையான ஆட்டம், குணம், அணிக்கும் விளையாட்டுக்கும் செய்த பங்களிப்பு ஆகியவைதான் விதியில் இருக்கும் அளவுகோல்கள். இத்தனை கோல், இத்தனை ஆட்டம் என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

[திரையில்: 1997 தேர்வு. முதல் பெயர், இரண்டாம் பெயர்.]

சரி, இப்போது 1997க்குப் போவோம். அந்த ஆண்டு புதியவர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக பாஸ்டன் எடுத்தது ஜோ தார்ன்டனை. இரண்டாவதாக சான் ஹோசே எடுத்தது மார்லோவை. 2005 நவம்பரில் தார்ன்டனும் சான் ஹோசேவுக்கே வந்துவிட்டார். இருவரும் பல ஆண்டுகள் ஒரே அணியில் ஆடினார்கள். 2016இல் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச்சுற்று வரை போய் பிட்ஸ்பர்க்கிடம் தோற்றார்கள். இருவருக்குமே கடைசிவரை கோப்பை கிடைக்கவில்லை.

தார்ன்டன் 2025இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே தேர்வானார். கூட ஓடிய மார்லோ வெளியே. ஏன்?

ஆட்டங்களை எண்ணினால் மார்லோதான் முன்னே: 1779க்கு எதிராக தார்ன்டனுக்கு 1714. கோலிலும் மார்லோதான் முன்னே, 566 அடித்திருக்கிறார். ஆனால் கோலையும், சக ஆட்டக்காரர் கோல் அடிக்க உதவிய அசிஸ்டையும் சேர்த்து வரும் புள்ளிகளில் மார்லோவுக்கு 1197, தார்ன்டனுக்கு 1539. கிட்டத்தட்ட 340 புள்ளிகள் வித்தியாசம், அதுவும் 65 ஆட்டங்கள் குறைவாக ஆடி.

இதைவிட முக்கியம் 2005-06 சீசன். நடுவில் அணி மாறியும் தார்ன்டன் 125 புள்ளிகள் எடுத்தார். லீக்கிலேயே முதலிடம். மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்குத்தான். அவர் பக்கத்தில் ஆடிய ஜோனதன் சீச்சூ அந்த ஆண்டு 56 கோல் அடித்தார். ஒருவர் வந்து சேர்ந்ததும் ஒரு அணியே வேறு அணியாகிவிட்ட ஆண்டு அது. மார்லோவின் 23 சீசன்களில் அப்படி ஒன்று இல்லை.

சிறுதுளி பெருவெள்ளம் என்போம். நீண்ட ஆட்ட வாழ்க்கையின் மொத்தக் கணக்கும் அப்படித்தான் சேர்கிறது. அந்த வெள்ளத்தைப் பார்க்கும்போது துளி எவ்வளவு பெரியது என்பது கண்ணில் படுவதில்லை. மொத்தக் கணக்கைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்.

[திரையில்: 397, 708 என்ற எண்கள்.]

மறுபக்கம் பாருங்கள். கோல்காப்பாளர் கென் டிரைடன் லீக் சுற்றில் ஆடியது 397 ஆட்டங்கள் மட்டுமே. ஆனால் கையில் ஆறு ஸ்டான்லி கோப்பைகள். பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் காயங்களோடு போராடி 708 ஆட்டங்களில் 885 புள்ளிகள் எடுத்தார். இருவரும் உள்ளே இருக்கிறார்கள். இவர்களை வெளியே நிறுத்த ஒரு எண்ணால் முடியாது என்றால், இன்னொருவரை உள்ளே கொண்டுவரவும் ஒரு எண் போதாது.

அப்படியானால் நீண்ட காலம் ஆடியதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, நிறையவே. மைக் கார்ட்னரைப் பாருங்கள். கோப்பை இல்லை, பெரிய தனிநபர் விருதும் இல்லை. ஆனால் தொடர்ந்து 15 சீசன்கள், ஒவ்வொன்றிலும் 30 கோலுக்குக் குறையாமல் அடித்து, மொத்தம் 708 கோலில் முடித்தார். அவருடைய துளிகளே பெரியவை. 2001இல் தேர்வானார். டேவ் ஆன்ட்ரேசக் 640 கோல் அடித்தும் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழுவுக்கே இந்தக் கேள்வியில் தயக்கம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காலத்தையும் மறக்கக்கூடாது. 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் அடித்தன. 2003-04இல் அது ஐந்தை ஒட்டி இறங்கியது. மார்லோ ஆடியது இந்தக் கோல் வறட்சிக் காலத்தில்தான். அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே வந்த தகராறால் 2004-05 சீசன் முழுவதும் நடக்கவே இல்லை. அத்தனைக்கும் நடுவே 566 கோல் என்பது, கார்ட்னர் காலத்து 566 கோல் இல்லை. இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

[திரையில்: மார்லோ, 12ஆம் எண் சட்டை.]

மார்லோவை எனக்கு மிகவும் பிடிக்கும். 2009இல் தொடங்கித் தொடர்ச்சியாக 900க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், ஒன்றுகூடத் தவறாமல் ஆடிய உடம்பு அது. ஒவ்வொரு நாளும் ஒரு பயிற்சியாளர் அவரை நம்பி இறக்கியிருக்கிறார். அது சும்மா கிடைத்துவிடாது.

ஆனாலும் அந்த 18 பேர் முன்னால் அவருக்காகப் பேசச் சொன்னால் நான் 1779இல் தொடங்கமாட்டேன். 30 கோலைத் தொட்ட ஏழு சீசன்களில் தொடங்குவேன். அதிலும் 2009-10ஐ முதலில் வைப்பேன். அந்த ஆண்டு அவர் 44 கோல் அடித்தார். அவரைவிட அதிகம் அடித்தவர்கள் மூன்றே பேர்: கிராஸ்பி, ஸ்டாம்கோஸ், ஒவெச்கின். அதே குளிர்காலத்தில் வான்கூவரில் கனடாவோடு ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார்.