கூர்ப்பு: உள்ளது சிறத்தல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோது 'கூர்ப்பு' என்றொரு பாடம் வந்தது. கூர் என்றால் எனக்குப் பென்சில் முனைதான். உயிர்கள் கூர்மையாகிக்கொண்டே போகின்றன போலும் என்று எண்ணிக்கொண்டேன். பல வருடம் கழித்துத் தமிழ்நாட்டுப் பாடநூலைப் புரட்டினேன். அதே பாடம் 'பரிணாமம்' என்ற பெயரில் இருந்தது.

பரிணாமம் வடசொல். ஒன்று இன்னொன்றாக மாறுவது அதன் பொருள். பால் தயிராவதை உவமையாகச் சொல்வது மரபு. வெறும் மாற்றம் போதாது என்று தோன்றியதாலோ என்னவோ, நாம் 'பரிணாம வளர்ச்சி' என்று சேர்த்துச் சொல்கிறோம். வளர்ச்சி ஒட்டிக்கொண்டதும் மனதில் ஒரு படிக்கட்டு வந்துவிடுகிறது. கீழ்ப்படியில் குரங்கு, மேல்படியில் நாம். இந்தப் படம்தான் எனக்குக் கவலை தருகிறது.

கூர்ப்பு பழைய சொல். தொல்காப்பியத்தின் உரியியல் என்ற பகுதி சொல்கிறது: 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்.' இங்கே கழிவு குப்பையல்ல, அதுவும் மிகுதிதான். இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்வதை அது சொல்லவில்லை. ஏற்கெனவே இருப்பது மிகுவதைச் சொல்கிறது. 'அன்புகூர்ந்து' என்று கடிதத்தில் எழுதுகிறோமே, அந்தக் கூர்தல்தான். களிகூர்தலும் நினைவுகூர்தலும் அப்படியே. சிறத்தல் என்றவுடன் மேன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுபாணாற்றுப்படையில் 'துனிகூர் எவ்வம்' வருகிறது. துன்பமும் கூரும். இங்கே சிறத்தல் என்பது மிகுதி, அவ்வளவே.

இந்தச் சொல் உயிரியலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்குக் பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்துக்குப் போவோம். அங்கே டாப்னே மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர் 1973 முதல் பிஞ்ச் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, விட்டு வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் நம் ஊர் நெருஞ்சிக்கு உறவான செடியின் முள்காய்களும் இருந்தன. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அப்படிப்பட்ட அலகு வாய்த்த குருவிகளே அதிகம் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடித்திருந்தது.

எந்தக் குருவியும் பஞ்சத்தைக் கண்டு தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. தடித்த அலகு அந்தக் கூட்டத்தில் முன்பே இருந்தது. வறட்சியில் அது மிகுந்தது. உள்ளது சிறந்தது!

பிறகு 1983இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிகழ்வால் பெருமழை கொட்டியது. தீவு முழுக்கச் சிறு விதைகள். அடுத்து வந்த வறண்ட காலத்தில் சின்ன அலகுக் குருவிகளுக்குத்தான் வாழ்வு. படிக்கட்டு என்றால் இது ஏறுவதா, இறங்குவதா?

முதலில் அந்த 'உள்ளது' எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றங்களிலிருந்து. அதைக் கூர்ப்பு என்ற சொல் சொல்வதில்லை. அந்தக் குறை அதற்கு உண்டு.

பரிணாமத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வேரூன்றிவிட்டது. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாடத்தைத் தொடங்கும் அன்று கரும்பலகையில் அந்தத் தொல்காப்பிய அடியை எழுதிவிட்டு, குருவிகளின் கதையைச் சொல்லுங்கள். குரங்கு ஏன் இப்போதும் குரங்காகவே இருக்கிறது என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அந்தக் கேள்வியை அந்த அடியிலிருந்தே பேசத் தொடங்கலாம்.