கரும்பை எந்தப் பக்கம் கடிக்கணும்?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, மணல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்க தாய்மாரே, மதில் மேல ஏறி இருக்க தம்பிமாரே, வணக்கம். எட்டு நிமிஷம்தான் தந்திருக்காவ. அதனால வணக்கம் அவ்வளவுதான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அரசாங்கத்தோட கை வாசலோட நிக்கணுமா, அடுக்களை வரைக்கும் வரலாமா? வாசலோட நிக்கட்டும்னு சொல்லுற அணி நாங்க. இதுக்கு நான் ஏழு குறிப்பு எழுதிக் கொண்டுவந்தேன். எனக்கு முன்னால பேசின தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லி, அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலயே மடிச்சு வைக்க வச்சிட்டா.

என்ன சொன்னா? "அரசு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு முழங்குற அண்ணன், பொங்கலுக்கு ரேஷன் கடை வரிசையில எனக்கு முன்னால நின்னாரு. முழுக் கரும்பைத் தோள்ல போட்டுட்டுப் போனதை என் கண்ணால பாத்தேன்"னு சொன்னா. நீங்களும் கை தட்டினிய. எங்க அணித் தலைவரும் தட்டினாரு, அதுதான் எனக்குத் தாங்கல.

ஆமா தங்கச்சி, நான்தான் நின்னேன். கரும்பும் வாங்கினேன். அரிசியும் சீனியும் வாங்கினேன். ஏன் வாங்கக்கூடாது? தீப்பெட்டி வாங்குனா வரி, பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்குனா வரி, பைக்குக்குப் பெட்ரோல் அடிச்சா வரி. என் பையில இருந்து போனதுல ஒரு துண்டு கரும்பா திரும்பி வருது. அதுவும் கடை வாசல்ல குடுத்தாவ, நான் தூக்கிட்டு வந்தேன். அதோட எங்க உறவு முடிஞ்சுது. என் பின்னாலயே வீட்டுக்குள்ள வந்து, "கரும்பை இந்தப் பக்கமா கடி, அந்தப் பக்கமா கடிக்காதே"ன்னு சொன்னாத்தான் எனக்கும் அரசாங்கத்துக்கும் வழக்கு!

அந்த வரிசையில என்கூட நின்னது யாருன்னு தங்கச்சி சொல்லல. எங்க மாமி நின்னா. மாமி சின்ன வயசுலயே அண்டியாபீசுக்கு, அதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு, வேலைக்குப் போனவ. இங்க இருக்க பாதி அம்மாமாருக்கு அண்டி தல்லுன, அதான் கொட்டையை அடிச்சு உடைச்ச, கை எப்பிடி இருக்கும்னு தெரியும். தோட்டுல இருக்க எண்ணெய் பட்டுப் பட்டு தோலு உரியும், சாம்பலைப் பூசிக்கிட்டுத் திரும்பவும் தல்லணும். வருஷக்கணக்கா தல்லி, விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிப்போச்சு.

மாமி கைரேகை பாக்குற மெஷின்ல வலது பெருவிரலை வச்சா. எடுக்கல. இடது பெருவிரல், எடுக்கல. வரிசையில நின்ன ஒருத்தன், "சேலையில துடைச்சு வையுங்க"ன்னான். துடைச்சா. இன்னொருத்தன், "ஈரம் வேணும், லேசா வெள்ளம் தொடுங்க"ன்னான். தொட்டா. பின்னால ஒரு தாத்தா, "தேங்காய் எண்ணெய் தேச்சா எடுக்கும்"னாரு. அதுக்கும் ஒரு பொம்பள பையில இருந்து எண்ணெய் குப்பியை எடுத்துட்டா! ஒவ்வொரு விரலா பத்தும் வச்சாச்சு. மெஷின் அசையல. கடையில இருந்த பிள்ளை பாவம், அவளும் என்ன செய்வா? "பாட்டி, நாளைக்கு வாங்க"ன்னா.

மாமி கேட்டா: "மக்களே, நாளைக்கு எனக்கு வேற விரலு மொளச்சு வருமாக்கும்?"

மறுநாளும் போனா. அன்னைக்குக் கண்ணைப் பாக்குற மெஷின் இருந்துச்சு. மாமிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு, இலவச முகாம்லதான். அந்தக் கண்ணையும் மெஷின் பாத்துட்டு, ஆளு இவ இல்லன்னுட்டு. அரசாங்கம் தந்த கண்ணு நடுவரே, அரசாங்கத்துக்கே அடையாளம் தெரியல!

வெளிய வந்து மாமி என்கிட்ட ஒண்ணு சொன்னா. அதை இந்த மேடையில சொல்லத்தான் ஏழு குறிப்பையும் விட்டேன். "ஓட்டுப் போடப் போனேன்லா, அன்னைக்கு இதே விரல்லதான மை வச்சானுவ? அன்னைக்கு மட்டும் விரலு எப்பிடிலே தெரிஞ்சுது?"

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. தங்கச்சியும் தட்டுறா பாருங்க.

2017 ஆகஸ்ட் 24-ல, உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாவ. புட்டசாமி வழக்கு. அதைப் பத்தி நிறைய பேசலாம். மாமி சொன்னதுக்கு அப்புறம் எடுபடாது, விட்டுடுறேன்.

எதிரணித் தலைவர் ஐயா பேச்சிப்பாறை அணையைச் சொன்னாரு. 1906-ல முடிஞ்ச அணை. சம்மதம். அணையை நான் தனியாக் கட்ட முடியாது. மதிய உணவையும் காமராசரையும் சொன்னாரு. காமராசரை எங்களுக்கு எதிரா எடுக்கலாமா ஐயா? 1967-ல விருதுநகர் கைவிட்ட மனுசனை, 1969-ல நாடாளுமன்றத்துக்கு அனுப்பினது இந்த நாகர்கோவில்! ஹெல்மெட்டையும் சொன்னாரு. ரோடு எங்க வாசலுக்கு வெளிய. எடுத்துக்கோங்க.

ஆனா அரசாங்கம் வாசல் தாண்டினா என்ன ஆகும்னு இந்தக் குமரி மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருவிதாங்கூர் ராஜா காலத்துல, கீழ்சாதின்னு ஒதுக்கி வச்ச பொம்பள தோள்ல துணி போடலாமா, ஆம்பள தலையில துண்டு கட்டலாமான்னு முடிவு பண்ணினது அரசாங்கம். சாமிதோப்புல, அய்யா வைகுண்டர் பதியில, இன்னைக்கும் ஆம்பளைங்க தலைப்பாகை கட்டிக் கும்புடுறது ஏன்? அப்பிடிக் கட்டிக் கும்புடச் சொன்ன அய்யாவைப் பிடிச்சு ஜெயில்ல போட்ட அரசாங்கம் அது. "அதே அரசாங்கந்தானே 1859-ல தோள்சீலைக்கு உத்தரவு போட்டுது"ன்னு தங்கச்சி அடுத்த சுற்றுல கேப்பா, எனக்குத் தெரியும். போட்டுதும்மா. பெண்கள் அடி வாங்கி, சேலை கிழிபட்டு, வருஷக்கணக்கா நின்ன பொறவு போட்டுது. அதுலயும், மேல்சாதிப் பொம்பளைங்க மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை!

மணி அடிச்சாச்சு. நடுவரே, ஒரு நிமிஷம்.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்துது. எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாலயே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆளுங்க ஆழ்கடலுக்குப் போயாச்சு. அவங்க போனா வாரக்கணக்குல தங்குற ஆளுங்க. கரையில பொம்பளைங்க யாரைக் கூப்பிட்டாங்க? அரசாங்கத்தைத்தான். கப்பல் அனுப்புங்க, ஹெலிகாப்டர் அனுப்புங்கன்னு. டிசம்பர் 7-ந்தேதி குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாவ. கைக்குழந்தையோட உக்காந்தாவ. இதுக்கிடையில மீனவப் பிள்ளைங்களே சொந்தப் படகை எடுத்துட்டுத் தேடப் போனாவ.

அதுக்குப் பிறகும் பாருங்க. காணாமப் போனவரை ஏழு வருஷம் கழிச்சுத்தான் சட்டம் இறந்தவரா எடுத்துக்கும். புருஷனைக் கடல்ல விட்டவ, அவன் செத்தான்னு காகிதத்துக்காகவும் மனு எழுதினா. விதியைத் தளர்த்தத்தான் செஞ்சாவ, இல்லன்னு சொல்லல. அவ அழுது, ஊரே ரோட்டுக்கு வந்த பொறவு.

ஒரு கிலோ சீனிக்கு எங்க மாமியோட பத்து விரலையும் ரெண்டு கண்ணையும் பாக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, கடல்ல இத்தனை பேரு கிடக்கான்னு அன்னைக்குக் கணக்குத் தெரியல. அடுக்களையில நீங்க செலவழிக்கிற நேரத்தை அந்தக் கடலுக்குக் குடுங்கன்னுதான் கேக்குறேன். சின்னத்துறையில இருந்து வந்த அம்மாமார் இந்தக் கூட்டத்துலயே இருப்பாவ. நடுவரே, தீர்ப்பு எழுதும்போது அவங்களை ஒரு தடவை பாத்துட்டு எழுதுங்க. வணக்கம்.