ஒரே வேலி, எத்தனை பிளாக்பெரி?

[காட்சி: இங்கிலாந்தில் ஒரு வயலோரம், ஆகஸ்ட் கடைசி. வேலிப்புதர் முழுக்கப் பழங்கள். ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கறுப்பு.]

இந்தப் புதரில் ஒரு பழம் பறித்து வாயில் போட்டால் நல்ல இனிப்பு. நாலடி தள்ளி அடுத்த புதரில் பறித்தால் ஒரே புளிப்பு, வாயெல்லாம் விதை. மண் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இப்படி?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பழம், மிக அருகில்.]

முதலில் பழத்தைப் பார்த்துவிடுவோம். பெயரில்தான் பெரி, தாவரவியல் கணக்கில் இது பெரியே இல்லை. சீத்தாப்பழம் போல, ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து உருவான திரள்கனி. ஒவ்வொரு உருண்டையும் ஒரு குட்டி மாம்பழம்: மேலே தோல், அடுத்து சதை, நடுவில் கொட்டை. பல்லிடுக்கில் மாட்டுவது அந்தக் கொட்டைதான். ராஸ்பெரியும் இதே ரூபஸ் பேரினம். ஆனால் அதைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும்; பழம் குல்லாய் மாதிரி காலியாக வரும். பிளாக்பெரியில் தண்டும் பழத்தோடு வந்துவிடும்.

[காட்சி: வளைந்து தொங்கும் நீண்ட தண்டுகள்.]

வேர் பல வருஷம் வாழும். தண்டுக்கு ஆயுள் இரண்டே வருஷம். முதல் வருஷம் இலை மட்டும். மறுவருஷம் பூ, பழம், அதோடு குலை தள்ளிய வாழை போலப் பட்டுப்போகும். பக்கத்தில் புதுத் தண்டு தயாராக இருக்கும். முட்கள் பின்னோக்கி வளைந்தவை. உள்ளே போகும் கையை ஒன்றும் செய்யாது. வெளியே எடுக்கும்போதுதான் சட்டை கிழியும். தண்டின் நுனி தரையைத் தொட்டால் அங்கேயே வேர்விட்டு இன்னொரு செடி.

[காட்சி: இரண்டு புதர்களின் இலைகள், பூக்கள் அருகருகே.]

சரி, புளிப்புக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை கருத்தரிக்காமலே விதை உண்டாக்குகின்றன. மகரந்தம் வேண்டும்தான், ஆனால் அது விதைக்குள் சேமிப்பு உணவு உருவாக மட்டுமே. முளைக்கும் கன்று தாயின் அச்சு. எப்போதாவது இரண்டு வகை கலந்து புதிதாக ஒன்று பிறந்தால், அதுவும் அப்படியே தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு பரவும். இப்படிச் சேர்ந்த நுண்ணினங்கள் பிரிட்டனில் மட்டும் 300க்கும் மேல். முள், இலை, பூவின் நிறம், ருசி எல்லாவற்றிலும் சின்னச் சின்ன வித்தியாசம். மொத்தத்தையும் ரூபஸ் ஃப்ருட்டிகோசஸ் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது, வெளிப்படையாகச் சொன்னால், ஒரு சமாளிப்பு. இவற்றைப் பிரித்தறியவே பேட்டாலஜி என்று தனிப் படிப்பு இருக்கிறது.

ஆக, நாலடி தள்ளி நிற்பது வேறு நுண்ணினமாக இருக்கலாம். அடுத்த வருஷமும் அது புளிக்கத்தான் செய்யும். இனித்த புதர் எது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.