ஹெட்போன் தேய்ந்துவிட்டால்

நேயர்களே, வணக்கம். இந்த உரைக்கு என்னை அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. ஹட்டனில் கைத்தொலைபேசியும் வானொலிப் பெட்டியும் திருத்துவது என் தொழில். என் மேசைக்கு ஹெட்போன் கொண்டு வருபவர்களில் பலர் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த காலத்திலிருந்து, தோட்டத் தொழிலாளரின் லயத்து வரிசை வீடுகளில் ஹெட்போன் ஒரு படிப்புச் சாமான் ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அயல் வீட்டுத் தொலைக்காட்சி, இந்தப் பக்கம் அடுப்படி. நடுவில் உட்கார்ந்து பௌதிகவியல் கேட்கிற பிள்ளை காதை மூடத்தான் வேண்டும்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு ஹெட்போனின் விலையை நான் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்: அம்மா எத்தனை நாள் கொழுந்து பறித்த காசு அது? அதனால் கடைக்குப் போகுமுன், பழையதில் எது பழுதாகியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒலி எழுப்பும் பகுதி இலேசில் கெடாது. முதலில் போவது வயர், அதுவும் பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய இரண்டு அங்குலத்துக்குள். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பாட்டு வேண்டாம், செய்தி வாசிப்பு போன்ற தொடர்ச்சியான பேச்சு ஒன்றை ஓடவிடுங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிளக்கில் தொடங்கி வயரை விரல் விரலாக மெல்ல வளைத்துக்கொண்டே மேலே போங்கள். ஓரிடத்தில் ஒரு காதில் குரல் அறுந்து மறுபடி வரும். முறிவு அங்கேதான். அதற்கு மேலே வெட்டிப் புதிய பிளக் வைத்தால் போதும்.

வெட்டிய வயருக்குள் மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள் இருக்கும். சிவப்பு பெரும்பாலும் வலது காதுக்கு, பச்சை அல்லது நீலம் இடது காதுக்கு. கண்ணுக்கு நிறமாகத் தெரிவது ஒரு வார்னிஷ் பூச்சு. அது மின்சாரத்தை விடாது. பற்றவைக்கும் கோலின் சூட்டில் அந்தப் பூச்சை எரித்து நீக்கிய பிறகுதான் ஈயம் பிடிக்கும். பூச்சோடு வைத்தால் ஒட்டியது போலத் தோன்றும், சத்தம் மட்டும் வராது. பிள்ளைகள் தாமே முயன்று, இனிச் சரிவராது என்று கைவிட்டுக் கொண்டுவரும் பலவற்றில் குறை இவ்வளவுதான். அவர்கள் முயன்றதே எனக்குச் சந்தோஷம்.

அடுத்தது காது மெத்தை. அதன் மேல் இருக்கும் கறுப்புத் தோல் பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். ஈரத்தால் அதன் கட்டு சிதைகிறது. மலையகத்தில் மூடுபனிக்குக் குறைவில்லை. வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். பாவிக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் உரியும். இதற்காக ஹெட்போனை எறிய வேண்டியதில்லை. மெத்தை தனியாகக் கிடைக்கிறது. பழையதின் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். துணி போர்த்தியது கிடைத்தால் அதையே எடுங்கள், இப்படி உரியாது.

இத்தனைக்கும் பிறகு புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால், கையில் காசு மட்டாக இருக்கும்போது வயர் உள்ளதையே வாங்குங்கள் என்பேன். மலிவான புளூடூத் இயர்போனில் ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு லித்தியம் பற்றரி இருக்கிறது. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்ற ஏற்ற அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். அதைக் கழற்றி மாற்ற வழியில்லாமல் ஒட்டி மூடியிருப்பார்கள். வயர் உள்ளதிலும், இரு முனையும் கழன்று வரும் வயர் இருந்தால் சில நூறு ரூபா கூடினாலும் பரவாயில்லை. வயர் போனால் வயரை மட்டும் மாற்றலாம்.

பிளக்கைக் கூர்ந்து பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் பேசுவதற்கு மைக் உண்டு, இரண்டு என்றால் கேட்க மட்டும். பெட்டியில் ஓம் என்ற மின்தடை அளவு அச்சிட்டிருக்கும். 16 அல்லது 32 கைத்தொலைபேசிக்குப் பொருந்தும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான 250 ஓம் வகை யாராவது மலிவாகத் தந்தாலும் வேண்டாம், போனில் சத்தம் எழும்பாது. உங்கள் போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் உங்கள் போனிலேயே போட்டுக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. பஸ் இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்டும் பழக்கம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். காதை நன்றாக மூடும் மெத்தை இருந்தால் குறைந்த சத்தமே போதும்.

ஆனால் நன்றாக மூடிய காது ரயிலையும் கேட்காது. தண்டவாளத்தை நடைபாதையாக்கிப் போய்வரும் பிள்ளைகளைத் தலவாக்கலைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். தண்டவாளத்தில் கால் வைக்கும் முன் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பெற்றோரே, இதை இன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.