நோயாளிகள் கட்டிய மதில்: டொராண்டோவின் பழைய மனநலக் காப்பகத்தில் மிஞ்சியது

[காட்சி: டொராண்டோ, குவீன் தெரு மேற்கு. சிவப்பு நிற ஸ்ட்ரீட்கார் (டிராம் வண்டி) ஒன்று நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள்.]

வணக்கம். டொராண்டோவில் பிறந்து வளர்ந்த வயதானவர்களிடம் போய் "999" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பலருக்குச் சட்டென்று புரிந்துவிடும். 999, குவீன் தெரு மேற்கு. நகரத்தின் பழைய மனநலக் காப்பகத்தின் கதவு எண் அது. சென்னையில் கீழ்ப்பாக்கம், கொழும்பில் அங்கொடை என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே ஆளைக் கிண்டல் செய்வார்கள் இல்லையா, அங்கே அந்த வேலையை ஓர் எண் செய்தது.

1979-இல் அந்த எண்ணையே மாற்றிவிட்டார்கள். இப்போது அதே இடத்தில் இயங்கும் மனநல மருத்துவமனையின் முகவரி 1001, குவீன் தெரு மேற்கு. எண்ணை மாற்றினால் கெட்ட பெயர் போய்விடும் என்று நினைத்தார்கள். அதற்கு மூன்று, நான்கு வருடங்களுக்கு முன்னால்தான் அந்தப் பழைய கட்டடத்தையே இடித்துத் தள்ளியிருந்தார்கள். கட்டடமும் போய், எண்ணும் போன பிறகு அங்கே மிஞ்சியது ஒரு செங்கல் மதில். அதைக் காப்பாற்றியவர்கள் யார், எதற்காக என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். நீளமான நான்கு மாடிக் கட்டடம், நடுவில் ஒரு குவிமாடம்.]

முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடுவோம். 1841-இல் டொராண்டோவில் மனநோயாளிகளுக்கென்று தற்காலிகமாக ஓர் இடம் ஒதுக்கினார்கள். அது ஒரு பழைய சிறைச்சாலை. அப்புறம் ஊருக்கு மேற்கே, அன்றைக்கு வெறும் வெளியாகக் கிடந்த நிலத்தில், ஜான் ஜார்ஜ் ஹோவர்ட் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி புதிய காப்பகம் எழுந்தது. ஹை பார்க் என்ற பெரிய பூங்கா டொராண்டோவுக்குக் கிடைத்ததும் இதே ஹோவர்டிடமிருந்துதான். 1850 ஜனவரி 26 அன்று காப்பகம் திறக்கப்பட்டது. ஐந்நூறு அடிக்கும் மேல் நீளம். அன்றைய கனடாவில் அப்படியொரு கட்டடம் அபூர்வம். உச்சியில் இருந்த குவிமாடம் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, அதற்குள்ளே தண்ணீர்த் தொட்டி இருந்தது.

மேலே தண்ணீருக்கு இவ்வளவு யோசித்தவர்கள் கீழே கோட்டை விட்டார்கள். 1853-இல் ஜோசப் வொர்க்மன் என்ற மருத்துவர் பொறுப்புக்கு வந்தார். நோயாளிகள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று விழுந்துகொண்டே இருந்தார்கள். நாற்றம் தாங்கவில்லை. அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தால், கட்டடத்தின் கழிவுக் குழாய்கள் வெளியே போகும் பெரிய சாக்கடையோடு இணைக்கப்படவே இல்லை. திறந்த நாளிலிருந்து அத்தனை கழிவும் நோயாளிகள் படுத்திருந்த தளத்துக்குக் கீழேயே தேங்கிக் கிடந்தது. குவிமாடத்தை மட்டும் பார்த்துக் கட்டடத்தை மெச்சியவர்கள் யாரும் அங்கே படுத்துத் தூங்கியவர்கள் இல்லை.

[காட்சி: செங்கல் மதிலின் நெருங்கிய காட்சி. ஒழுங்கில்லாத நிறங்கள், தேய்ந்த விளிம்புகள், பூச்சு உதிர்ந்த இடுக்குகள்.]

சரி, மதிலுக்கு வருவோம்.

காப்பகத்தைச் சுற்றி உயரமான மதில் இருந்தது. இன்றைக்கு நிற்கும் தெற்குப் பகுதி 1860-இல் கட்டியது. 1880-களின் கடைசியில் காப்பகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை விற்றார்கள். எல்லை உள்ளே வந்தது, கூடவே மதிலும் உள்ளே வந்தது. கிழக்கிலும் மேற்கிலும் இப்போது பார்க்கிற மதில்கள் 1888, 89-இல் எழுந்தவை. கட்டியவர்கள் உள்ளே இருந்த நோயாளிகளே. செங்கல் சுமந்தார்கள், சாந்து குழைத்தார்கள், அடுக்கினார்கள். தங்களை உள்ளே வைத்துப் பூட்டும் மதிலைத் தாங்களே கட்டினார்கள். கூலி கிடையாது.

கூலி ஏன் இல்லை என்று கேட்டால், அன்றைய மருத்துவர்களிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: வேலைதான் சிகிச்சை. கை வேலையில் இருந்தால் மனம் அமைதியாகும் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட வேலை மேல் என்று நினைத்த நோயாளிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்கள் தோட்டம், கட்டட வேலை, தச்சு வேலை பார்த்தார்கள். பெண்கள் சலவை, தையல், சமையல், துப்புரவு எல்லாம் பார்த்தார்கள். வருடக்கணக்கில் ஒருவர் ஒழுங்காகத் தைக்கிறார், இன்னொருவர் ஒழுங்காகச் செங்கல் அடுக்குகிறார். இவ்வளவு வேலை பார்க்கத் தெரிந்தவரை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை? அவர் போய்விட்டால் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். சிகிச்சை என்ற பெயரில் அரசாங்கத்துக்கு மிச்சமான பணம் இது. என் பார்வையில் இதை வேறு எப்படியும் சொல்ல முடியாது.

[காட்சி: 1970-களின் படங்கள். பாதி இடிந்த கட்டடம்.]

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காப்பகத்தைச் சுற்றிப் புதிய கட்டடங்கள் வரத் தொடங்கின. 1950-களில் ஹோவர்டின் கட்டடத்துக்கு நேர் முன்னாலேயே ஒரு நிர்வாகக் கட்டடத்தைக் கட்டி அதன் முகத்தை மறைத்துவிட்டார்கள். 1970-களில் மொத்தமாக இடிக்க முடிவெடுத்தபோது பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள் எதிர்த்தார்கள். மருத்துவமனைத் தரப்பு கேட்கவில்லை. அந்தக் கட்டடம் நிற்கும்வரை மனநோய் மீதான பயமும் நிற்கும் என்பது அவர்கள் வாதம். 1975, 76-இல் இடிப்பு முடிந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதை சுவாரஸ்யமாகிறது. கட்டடத்துக்காகப் பேசியவர்கள் வடிவமைப்பைப் பற்றிப் பேசினார்கள், குவிமாடத்தைப் பற்றிப் பேசினார்கள். பின்னாளில் மதிலுக்காகப் பேசியவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் பலர் மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளாக இருந்து வெளியே வந்தவர்கள்.

அவர்களில் முக்கியமானவர் ஜெஃப்ரி ரியோம். பதின்பருவத்தில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர், அதை மறைக்காமல் எழுதியும் பேசியும் வருபவர். பிற்பாடு வரலாற்று ஆய்வாளராகி, யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்தக் காப்பகத்தில் 1870-லிருந்து 1940 வரை இருந்தவர்களின் மருத்துவக் கோப்புகளை உட்கார்ந்து படித்தார். மருத்துவர் நோயாளியைப் பற்றி என்ன எழுதினார் என்பதோடு நிற்காமல், நோயாளி என்ன சொன்னார், என்ன வேலை பார்த்தார், யாருக்குக் கடிதம் எழுதினார், யாரோடு நட்பாக இருந்தார் என்று தேடி எடுத்தார். மருத்துவ ரகசியம் காக்க வேண்டும் என்பதால் முழுப் பெயர்களைச் சொல்லாமல் அவர்களுடைய வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். அது 2000-இல் வெளிவந்தது.

அதே காலத்திலிருந்து மதிலைச் சுற்றி மக்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்லத் தொடங்கினார். 2001-இல் முன்னாள் நோயாளிகளும் ஆர்வலர்களும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். துண்டுப் பிரசுரங்கள், சொந்த அனுபவக் குறிப்புகள் என்று மருத்துவமனையின் கோப்பில் இடம் பிடிக்காதவற்றை எல்லாம் சேர்த்துவைக்க ஓர் இடம்.

[காட்சி: பார்க்டேல் பகுதித் தெருக்கள்.]

இதற்கு முன்கதையும் உண்டு. காப்பகத்துக்கு மேற்கே இருக்கிறது பார்க்டேல். மருத்துவமனைகள் படுக்கைகளைக் குறைக்கத் தொடங்கியபோது வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் அங்கேயிருந்த மலிவான வாடகை அறைகளில் குடியேறினார்கள். 'இவர்களால் எங்கள் தெரு கெட்டுப்போகிறது' என்று அக்கம்பக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அதற்குப் பதிலாக 1993 செப்டம்பரில் முன்னாள் நோயாளிகள் ஒரு பெருமித நாள் கொண்டாடினார்கள். பின்னால் பல நாடுகளுக்குப் பரவிய இயக்கத்தின் ஆரம்பம் அது. ஒளிந்துகொண்டிருக்க மாட்டோம், எங்களுக்கும் வரலாறு இருக்கிறது என்று தெருவுக்கு வந்தவர்களுக்கு அந்த வரலாற்றைத் தொட்டுக் காட்ட ஒரு பொருள் வேண்டியிருந்தது. மதில் பக்கத்திலேயே இருந்தது.

2000-களில் மருத்துவமனை வளாகத்தை முழுக்க மாற்றியமைக்கும் திட்டம் வந்தது. பக்கத்துத் தெருக்களை வளாகத்துக்குள் நீட்டுவது, கடைகள், பூங்காக்கள் வைப்பது, மருத்துவமனையை ஊரோடு கலக்கவிடுவது. நல்ல யோசனைதான், நானும் ஆதரிப்பேன். ஆனால் ஊரோடு கலக்க வேண்டும் என்றால் மதில் எதற்கு? அடைத்துவைத்ததன் அடையாளம்தானே அது, இடித்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். முன்னாள் நோயாளிகள்தான் வேண்டாம் என்றார்கள். அடைத்துவைத்ததன் அடையாளம்தான், ஆனால் அதைக் கட்டிய கைகளுக்கு வேறு எந்த அடையாளமும் இல்லை. ஹோவர்டின் பெயரில் தெரு இருக்கிறது. வொர்க்மனின் பெயரில் இந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு பாதை இருக்கிறது. செங்கல் அடுக்கியவருக்கு என்ன இருக்கிறது?

[காட்சி: மதிலில் பதித்த நினைவுப் பலகைகள். கேமரா மெதுவாக நகர்கிறது.]

மதிலுக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு இருக்கிறது. கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று பக்கமும் பகுதிகள் நிற்கின்றன. 2010 செப்டம்பர் 25 அன்று அதில் ஒன்பது நினைவுப் பலகைகளைத் திறந்துவைத்தார்கள். மதிலைக் கட்டியது யார், உள்ளே எந்த மாதிரி வேலைகளைக் கூலியில்லாமல் செய்தார்கள், எந்த மாதிரி வாழ்ந்தார்கள் என்று பலகைகள் சொல்கின்றன. பெரிய மனிதர் அடிக்கல் நாட்டினார் என்கிற வகைப் பலகைகள் இல்லை. நேரில் போகிறவர்கள் பலகையோடு நின்றுவிடாதீர்கள், செங்கல்லையும் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் எழுத்துகளும் கோடுகளும் கீறியிருக்கும்.

[காட்சி: எடோபிகோ. நெடுஞ்சாலை ஓரம், வேலியிட்ட புல்வெளி.]

இதே கதைக்கு ஊரின் மேற்குக் கோடியில் இன்னொரு பாதி இருக்கிறது. குவீன் தெருவில் நெரிசல் அதிகமானதால் 1890-இல் ஏரிக்கரையில், மிமிகோ என்ற இடத்தில் கிளை ஒன்று திறந்தார்கள். ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல் தனித்தனிச் செங்கல் வீடுகள், நிலத்துக்கு அடியில் அவற்றை இணைக்கும் சுரங்கப் பாதைகள். அதிலும் நோயாளிகளின் உழைப்பு உண்டு. 1979-இல் மூடினார்கள். காலியாகக் கிடந்தபோது 1980-களின் பிரபல ஹாலிவுட் நகைச்சுவைப் படம் ஒன்றை அங்கே எடுத்தார்கள். இப்போது அந்த வீடுகள் ஹம்பர் பாலிடெக்னிக் கல்லூரியின் வகுப்பறைகள். பேய்க்கதை கேட்கிற ஆசையில் சுரங்கம் பார்க்க வருகிறவர்களும் உண்டு, வருகிறவர்கள் எப்படியோ வரட்டும்.

அங்கே இறந்து, யாரும் வந்து வாங்கிப்போகாத உடல்களை அடக்கம் செய்த இடம் தனியாகச் சற்றுத் தள்ளி, எவன்ஸ் அவென்யூவும் ஹார்னர் அவென்யூவும் சேரும் மூலையில் இருக்கிறது. 1890-லிருந்து 1974 வரை 1,511 பேர். பக்கத்தில் போகிறவர்களுக்கு அது வெறும் புல்வெளியாகத்தான் தெரியும், ஏனென்றால் பெரும்பாலான கல்லறைகளுக்குக் கல்லே கிடையாது. கொஞ்சம் இருப்பவையும் தரையோடு பதிந்து புல்லுக்குள் புதைந்துபோனவை. தன்னார்வலர் குழு ஒன்று மண்வெட்டியும் தூரிகையுமாகப் போய், புல்லை வெட்டி விலக்கி, கல்லைத் துடைத்து, யார் எங்கே கிடக்கிறார்கள் என்று ஆவணங்களோடு ஒத்துப் பார்க்கும் வேலையைச் செய்தது.

[காட்சி: ஒன்டாரியோ வரைபடம். ஒரில்லியா என்ற ஊர் குறிக்கப்படுகிறது.]

டொராண்டோவுக்கு வடக்கே ஒரில்லியாவில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை அடைத்துவைத்த ஹியூரோனியா நிலையம் இருந்தது. 1876-இல் தொடங்கி 2009-இல்தான் மூடினார்கள். அங்கே கல்லறைக் கற்களைப் பெயர்த்து நடைபாதை போட்டது வரைக்கும் நடந்தது. அங்கிருந்து மீண்டவர்கள் வழக்குப் போட்டு, 2013-இல் 35 மில்லியன் டாலர் இழப்பீட்டு உடன்பாடும், அதே டிசம்பரில் மாகாண முதல்வர் கேத்லீன் வின்னிடமிருந்து சட்டமன்றத்தில் மன்னிப்பும் பெற்றார்கள். அதைத் தனி வீடியோவாகவே செய்யலாம், விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்.

[காட்சி: மீண்டும் குவீன் தெரு. ஸ்ட்ரீட்கார் நிறுத்தம்.]

டொராண்டோவில் இருப்பவர்கள் மதிலைப் பார்க்கப் போவதென்றால், 501 குவீன் ஸ்ட்ரீட்காரில் ஏறி ஆசிங்டனில் இறங்குங்கள். அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அது இன்றைக்கும் இயங்கும் மருத்துவமனை. அங்கே நடமாடுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள், செங்கல்லை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.