மடியில் கிடக்கும் கனம்

(திருகோணமலையில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமாகிய தபசுகாலத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த ஒன்றுகூடலுக்குத் தலைமை தாங்கும் வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, மெதடிஸ்த திருச்சபையிலிருந்து வருகை தந்திருக்கும் சேகர முகாமைக் குரு அவர்களே, அருட்சகோதரிகளே, பிரதேச செயலகத்திலிருந்தும் கல்வித் திணைக்களத்திலிருந்தும் அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பெரியோரே, கோணேசர் கோயில் மாலைப் பூசையை முடித்துக்கொண்டு நேரே இங்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் நெடுநாள் நண்பர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நண்பர் வந்திருப்பதனால் நான் இரட்டிப்புக் கவனத்தோடு பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் நாளைக் காலை தேநீர்க் கடையில் என் பேச்சைத் திருத்தப்போகிறவர் அவர்தான்.

பாவம் என்றால் என்ன, அது மனிதனை என்ன செய்கிறது, அதற்குத் திருச்சபையிடம் உள்ள மருந்து என்ன, ஓர் ஊரே சேர்ந்து செய்யும் பாவத்தை யார் அறிக்கையிடுவது என்று நான்கு விடயங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். நான்கையும் முடிப்பேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் பாவஞ்செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். நியாயாதிபதிகள் ஆகமத்தின் 20ஆம் அதிகாரத்தில், மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறியும் 700 இடதுகை வீரர்களைப் பற்றி வாசிக்கிறோமே, அங்கே ‘தப்பாமல்’ என்பதற்கு வருவது அதே வினைதான். நம் தமிழிலோ இன்னொரு விந்தை இருக்கிறது. திருடியவனைப் பார்த்துப் பாவம் செய்தான் என்கிறோம். அவன் அடிபட்டு வீதியோரத்தில் கிடந்தால் ‘ஐயோ, பாவம்’ என்கிறோம். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, பாவியை நோயாளியாகப் பார்த்த இயேசுவை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கக்கூடாது. ‘பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை’ என்று அவர் சொன்னது, பாவிகள் என்று ஊர் ஒதுக்கிய வரி வசூலிப்பவர்களாகிய ஆயக்காரர்களோடு ஒரே பந்தியில் இருந்துகொண்டுதான்.

இரண்டாவது விடயத்துக்கு என் அம்மம்மாவின் பழமொழி ஒன்றே போதும்: மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இதை நான் மூத்தூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் வைத்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் ஒரு காற்பந்தாட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்த சீட்டுக் காசில் கொஞ்சத்தை எடுத்தேன். காற்சட்டைப் பையில் ஓட்டை. ஆகையால் மாமாவின் சாரத்தை உடுத்து, காசை மடியில் முடிந்துகொண்டு, இறங்குதுறையில் லாஞ்சில் ஏறிவிட்டேன். சாரம் ஒரு பக்கம் வழுக்குகிறது, காசு மறுபக்கம் கனக்கிறது. ரிக்கற் கொடுப்பவர் ஆட்களை எண்ணுகிறார். அவர் என்னை மட்டும் எண்ணுவதாக எனக்குப் படுகிறது. சீருடையில் ஒருவர் ஏறுகிறார். என்னைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று சாக்குமூட்டைக்குப் பின்னால் பதுங்குகிறேன். அவர் தபாற்காரர். என் பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு முதிய முஸ்லிம் பெரியவர் இருந்தார். ‘எங்க மகன் போறீங்க?’ என்று அன்பாகத்தான் கேட்டார். நான் சொன்ன மறுமொழி: ‘நான் எடுக்கேல்ல!’

(சபையில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.)

அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. கச்சான் சுருளைப் பிரித்து எனக்குப் பாதி தந்துவிட்டு, ‘திரும்பிப் போகக்குள்ள சொல்லிப்போடுங்க மகன்’ என்றார். நான் ஆட்டம் பார்க்கவில்லை. மூத்தூர்த் துறையிலேயே இருந்து, அடுத்த லாஞ்சில் திரும்பி, அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மம்மா தலையை நிமிர்த்தாமல், ‘காசு குறைஞ்சது விடியவே தெரியும். நீ எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்’ என்றார். பிறகு சோறு போட்டார். லாஞ்சுக்குச் செலவான காசுக்கு நான் பல வாரம் கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

‘நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று’ என்று 32ஆம் சங்கீதம் பாடுகிறபோதெல்லாம் எனக்கு அந்தச் சாரமுடிச்சு நினைவுக்கு வரும். ஆனால் நோயுற்ற ஒவ்வொருவரின் மடியையும் தடவிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே இயேசு சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ‘என்ன பாவம் செய்தாயோ’ என்று கேட்கிற நாக்குகளைத்தான் முதலில் குணமாக்க வேண்டும்.

நான்காவது விடயத்தைப் பற்றி ஒரு வசனம் மட்டும்: மடியில் எந்தக் கனமும் இல்லாதவர்கள் வழியெல்லாம் பயந்து நடந்த காலத்தை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. அதை விரிக்க இன்று நேரம் இல்லை.

மருந்துக்கு வருகிறேன். உண்மையில் நான் இந்த மேடையில் ஏறியதே இதற்காகத்தான். கத்தோலிக்கர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் தம் பாவங்களை அறிக்கையிடுதல், செய்யவேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கேட்ட குருவானவர் அதை உயிர் போனாலும் வெளியிட முடியாது. மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் 1742இல் பிரிஸ்டல் நகரில், ஆலயக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி சேர்க்கும் ஏற்பாடாகத் தொடங்கி, காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் குடும்பங்களின் உண்மை நிலையைக் கண்டதால், ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் கூடி ஒருவர் மனநிலையை மற்றவர் விசாரிக்கும் கூட்டமாக மாறியது. ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு எழுதியதும் சொஸ்தமடையும்படிக்கே. இரு சபையாரிடமும் மருந்து இருக்கிறது. மருந்துச்சாலைதான் பூட்டிக் கிடக்கிறது. சுகமளிக்கும் கூட்டம் என்று பந்தல் போட்டு, உப்புவெளி வரைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டுகிறோம். ஆனால் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நுண்கடன் தவணையைக் கணவனிடம் மறைத்துவைத்திருக்கும் ஒரு தாயோ, கசிப்புக் குடியை விடமுடியாமல் தவிக்கும் ஒரு தகப்பனோ ஆலய வளவுக்கு வந்தால், வாயிற்கதவில் ஆமைப்பூட்டுத் தொங்குகிறது. மடியில் கனம் இருப்பவனுக்கு ஒலிபெருக்கி இன்னும் பயத்தைத்தான் கொடுக்கும். அவனுக்குத் தேவை ஒரு கதவு, இரண்டு கதிரை, கேட்டதை வெளியே சொல்லாத ஒருவர்.

இதை நான் மூன்று ஆண்டுகளாகக் கூட்டம் தவறாமல் சொல்லிவருகிறேன் என்று பங்குத்தந்தை புன்னகைக்கிறார். சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். ஒவ்வொரு ஆலய வளவிலும் வார நாட்களில் திறந்திருக்கும் ஓர் அறை, அதில் ஆற்றுப்படுத்தலில் முறையாகப் பயிற்சி பெற்ற ஓர் ஆண், ஒரு பெண். வருகிறவரின் சமயத்தைக் கேட்கக்கூடாது. கச்சான் தந்த அந்தப் பெரியவர் என்னிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. உளநோய் என்று தெரிந்தால் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். செபம் போதும் என்று தடுத்துவைப்பதும் ஒரு பாவம்தான்.

மறைக்கல்வி மண்டபத்துக்குப் பின்னால் பழுதான ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்திருக்கும் அறை ஒன்று இருப்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். கதிரை இரண்டையும் சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். பங்குத்தந்தை அவர்களே, அந்த அறையின் திறப்பு உங்களிடம் இருக்கிறது.