திட்டு வாங்குவது விளக்கு, கரண்டைத் தின்பது ஐஸ்பெட்டி

அன்பு நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏர்கானும் ஐஸ்பெட்டியும் பழுது பார்த்து வருகிறேன். வேலை இயந்திரத்தோடுதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் பல நேரம் முதலில் காதில் விழுவது கரண்ட் பில் சண்டை.

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. அம்மா தனியாக இருக்கிறார். பில் கட்டுவது வெளியூரில் இருக்கும் மகன். பில் ஏறிப்போனதும் மகன் போனில் கோபப்பட்டிருக்கிறார். அந்த அம்மா சாமி மேடையில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கைக்கூட அணைத்துவிட்டார். நான் போன மாலை கூடத்தில் வெளிச்சமும் இல்லை, காத்தாடியும் ஓடவில்லை. வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தவர், "இன்னும் எதைத் தம்பி அணைக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சிவப்பு விளக்கு 3 வாட். இரவும் பகலும் எரிந்தாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும். ஒரு வெள்ளியை, அதாவது ஒரு ரிங்கிட்டை, ஒட்டித்தான் வரும். கரண்டைத் தின்றது ஐஸ்பெட்டி. கதவு ரப்பர் கீழ்மூலையில் இறுகி, வாய் பிளந்து கிடந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த இடுக்கில் சூடும் ஈரமும் ஓயாமல் உள்ளே போகும், பனியாகப் படியும், கம்ப்ரசர் விடாமல் ஓடும். நல்ல பெட்டி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இது நான் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடிமானம் தெரிய வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் விட்டுவிட்டது. நாலு பக்கமும் சோதியுங்கள். சில வீடுகளில் அழுக்குதான் காரணம்; வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, குளியலறை ஹீட்டர். பல வீடுகளில் இருப்பது 3600 வாட். பத்து நிமிடம் முழுச் சூட்டில் ஓடினால் 0.6 யூனிட். நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 72 யூனிட். அதை வைத்து அந்தச் சாமி விளக்கை இரண்டரை ஆண்டுக்கு மேல் எரிய விடலாம். ஆனால் விளக்கை அணைக்க மறந்த பிள்ளைக்குத்தான் எல்லா வீட்டிலும் ஏச்சு விழுகிறது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏர்கானை 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பார்கள். இன்வெர்ட்டர், அதாவது கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, இல்லாத பழைய ஏர்கானில் அப்படி நடக்காது; நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 24 போதும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

கடைசியாக, பில். 2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டது. அதற்கு முந்திய பில்லோடு வெள்ளியை ஒப்பிட்டால் கணக்கு சரியாக வராது. யூனிட்டைப் பாருங்கள், எத்தனை நாளுக்கான பில் என்றும் பாருங்கள். ரப்பரை மாற்றிய பிறகு அந்த மகனுக்கு நான் அனுப்பியதும் இரண்டு மாத யூனிட் கணக்கைத்தான். அன்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டாராம்.

நன்றி, வணக்கம்.